விக்டர் ஹாராவும் எங்கள் லயத்துப் பாட்டும்

மொழி அறியாத நாடொன்றிலிருந்து வரும் பாடகரின் குரல் ஒருவருடைய வாழ்வில் எவ்வாறு இடம் பெறுகிறது என்ற வினாவை என்னிடம் பலர் எழுப்பியுள்ளனர். வினவுவோருள் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆசிரியர்களே. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, நோர்வூட்டில் இருந்துகொண்டு, குறுந்தொகையையும் பாரதியையும் கற்பிக்கும் ஒருத்திக்குச் சிலி நாட்டு விக்டர் ஹாராவிடம் என்ன உறவு என்பது அவர்களது ஐயம். இதனை வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்குவோர் உளர். இடதுசாரி எண்ணம் கொண்டோருக்கு அருகிலுள்ள துயரைவிடத் தொலைவிலுள்ள துயரே சுவையாக இருக்கும் என்று நகையாடுவோரும் உளர். இந்த இரண்டாவது குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. ஆகவே அதற்கு விடை கூற முயல்வது நியாயம்.

மொழி அறியாமையை ஒரு பெருந்தடையாக நான் கருதவில்லை. 2017இல் லூயிஸ் ஃபொன்சியின் 'டெஸ்பசீட்டோ' உலகெங்கும் ஒலித்தபோது எங்கள் கடைத்தெருவின் முச்சக்கர வண்டிகளிலும் அது ஒலித்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாத மாணவர்கள் அதனைப் பிசகின்றிப் பாடித் திரிந்தனர். நானும் கேட்டு மகிழ்ந்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டில் வேறு பாட்டு வந்தது, அது போயிற்று. ஹாராவோ பத்தாண்டுகளுக்கு மேலாக என்னுடன் இருக்கிறார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாட்களில், விடுதியில் என்னோடு ஓர் அறையில் இருந்த சிங்கள மாணவி தன் கைப்பேசியிலிருந்து சில பாடல்களை எனக்குக் கொடுத்தாள். பாடியவரின் பெயரையும், அவரை இராணுவம் கொன்றது என்பதையும் மட்டுமே சொன்னாள். புரட்சிப் பாடகர் என்றதும் முழக்கத்தையே எதிர்பார்த்தேன். வந்ததோ ஒற்றைக் கித்தாரும், உரத்து எழாத ஓர் ஆண் குரலும். லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதைப் போன்ற குரல் அது. பேசுபவர் நமக்காகப் பேசுகிறார் என்பது சொல் விளங்காவிடினும் விளங்கிற்று.

பின்னர் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். 'தே ரெகுவெர்தோ அமந்தா' என்பது அப்பாட்டின் பெயர். அமந்தாவை நினைவுகூர்தல் என்பது பொருள். 1969இல் வெளியானது. மழையில் நனைந்த தெருவழியே ஓர் இளம்பெண் தொழிற்சாலைக்கு ஓடுகிறாள். அங்கு வேலை செய்யும் மானுவெலுக்குக் கிடைக்கும் இடைவேளை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமே அவர்களுடைய முழு வாழ்வு. அவன் பின்னர் மலைகளுக்குப் போராடச் செல்கிறான். ஐந்து நிமிடத்தில் அங்கே அழிகிறான். தொழிற்சாலைச் சங்கு மீண்டும் ஊதுகிறது; திரும்பாதோருள் அவனும் ஒருவன். கதை இவ்வளவே. எவரையும் ஏசவில்லை, எவருக்கும் அறைகூவல் விடுக்கவில்லை. மானுவெல், அமந்தா என்பவை ஹாராவின் தந்தை தாயரின் பெயர்கள். தம் மகளுக்கும் அவர் அமந்தா என்றே பெயரிட்டிருந்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் பிடிபட்டேன். அதற்குக் காரணம் எங்கள் அம்மாயி.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மனிதரைப் பங்கு பிரித்த அந்தக் கணக்கை நாங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். எங்கள் வீட்டில் அது வேறு வகையில் பாடமாயிற்று. அம்மாயியின் அக்காள் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. அம்மாயியின் குடும்பம் இங்கே தங்கியது. எழுபதுகளில் ஒரு நாள் ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து அக்காள் தலைமன்னாருக்கு ஏறினாள். அந்த வண்டியை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். காலையில் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, அரைப்பேரோடு இறங்கி, அம்மாயி நிலையத்துக்கு ஓடியிருக்கிறாள். கோச்சி நின்றது சில நிமிடங்களே. சன்னலில் நீண்ட கையைப் பிடித்ததுதான் கடைசி. அக்காள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் மற்றொரு தேயிலை மலையில் கொழுந்து பறித்தே இறந்து போனாள் என்று பல ஆண்டுகளின் பின் கடிதம் வந்தது.

அந்தப் பிரிவை அம்மாயி பாட்டாகக் கட்டி வைத்திருந்தாள். அரிசி புடைக்கும்போதும், விறகு அடுக்கும்போதும், தனக்குத்தானே மெல்லப் பாடுவாள். சங்கு ஊதியதும் நிறுத்திவிடுவாள். ஸ்டோர்ச் சங்கு பாட்டையும் அல்லவா கட்டுப்படுத்தியது! சாந்தியாகோ நகரத்துத் தொழிற்சாலைச் சங்கும், மழைத்தெருவில் ஓடிய பெண்ணும், நிமிடக் கணக்கில் அளந்து தரப்பட்ட உறவும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அம்மாயி இறந்து மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. அவளுடைய பாட்டின் முதல் இரண்டு அடிகளுக்கு மேல் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. அமந்தாவின் பாட்டை மட்டும் உலகம் முழுதும் அட்சரம் பிசகாமல் வைத்திருக்கிறது. இது ஏன் என்ற கேள்வியே என்னை ஹாராவின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

அவர் 1932 செப்டெம்பர் 28இல் பிறந்தவர். தலைநகருக்கு அண்மையிலுள்ள லொன்கேன் என்னும் கிராமப் பகுதியில் வளர்ந்தார். தந்தை ஒரு பெருநிலக்கிழாரின் பண்ணையில் 'இன்கிலீனோ' என்னும் குடியாளாக உழைத்தவர். அம்முறையில் உழைப்புக்கு ஈடாகக் குடிசையும் ஒரு துண்டு நிலமும் கிடைக்கும். இரண்டும் பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். லயத்துக் காம்பிராவில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஏழு பேர்ச் காணியும் ஒரு தனி வீடும் என்பதே பெருங்கனவாகப் பேசப்பட்ட ஊரில் வளர்ந்தவள் நான்.

தாய் அமந்தா கித்தார் மீட்டிப் பாடுபவர். திருமண வீட்டிலும் சாவு வீட்டிலும் பாட அவரை அழைத்துச் செல்வர். இறந்த குழந்தைகளுக்காக இரவு முழுதும் விழித்திருந்து பாடும் வழக்கம் அந்நாட்டுக் குடியானவரிடையே உண்டு. அங்கும் அவர் பாடினார். சிறுவன் ஹாரா பாடம் கேட்டது இந்தப் பள்ளியில். தந்தையோ பிள்ளைகள் வயலில் உழைப்பதையே விரும்பினார். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பியது தாயின் பிடிவாதம். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, சந்தை உணவுக்கடையில் உழைத்து, மகன் பதின்ம வயதைக் கடக்குமுன் அவர் இறந்தார். எங்கள் மலைகளில் பிள்ளை படித்து வெளியே வந்த வீடு எதனை எடுத்துக்கொண்டாலும், பின்னணியில் இப்படி ஒரு பெண் இருப்பாள். பெரட்டுத் தப்பு ஒலிக்குமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மலைக்கு ஏறியவள் அவள்.

தாயை இழந்த ஹாரா குருமடத்தில் சேர்ந்தார். இரண்டு ஆண்டில் வெளியேறினார். இராணுவச் சேவை செய்தார். பின்னர் பல்கலைக்கழகத்தின் பாடகர் குழுவிலும் நாடகப் பள்ளியிலும் சேர்ந்தார். நாடக நெறியாளராகப் புகழ் பெற்றார், கற்பிக்கவும் செய்தார். ஏணியில் ஏறியவர்தாம். படித்துப் பட்டம் பெற்று நகரத்தின் நாடக அரங்கில் பெயர் எடுத்தவருக்கு, உழவர் வீட்டுப் பாட்டு எதற்கு? அந்நாட்டின் மேட்டுக்குடியினர் நாட்டுப்பாடலை அழகிய உடையணிந்த பண்ணை முதலாளிகளின் கேளிக்கையாக்கி வைத்திருந்த காலம் அது. ஐம்பதுகளில் சாந்தியாகோவின் ஒரு காப்பிக்கடையில் அவர் வியோலெத்தா பாராவைச் சந்தித்தார். ஊர் ஊராக அலைந்து, முதிய குடியானவப் பெண்களிடமிருந்து பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்த கலைஞர் அவர். பாடுமாறு ஹாராவை ஊக்கியவரும் அவரே. ஹாரா தாயின் கித்தாருக்குத் திரும்பினார்.

திரும்பியபோது படித்ததை எறிந்துவிட்டுத் திரும்பவில்லை என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். நாடகம் கற்பித்த சிக்கனத்தை அவர் பாட்டில் காணலாம். 1972இல் 'லா பொப்லாசியோன்' என்ற இசைத்தட்டை அமைத்தபோது, நிலத்தைக் கைப்பற்றிக் குடியேறிய ஏழை மக்களிடையே சென்று, அவர்கள் சொல்லக் கேட்டு, அவர்களது பேச்சுக் குரலையே பதிந்து பாட்டோடு சேர்த்தார். அக்குடியிருப்புக்கு, குடியேற்றத்தின்போது இறந்த ஹெர்மிந்தா என்ற கைக்குழந்தையின் பெயரை மக்கள் சூட்டியிருந்தனர். தம் வீட்டுக்காகப் போராடியவர்களின் வரலாறு அவர்கள் வாயாலேயே இசைத்தட்டில் ஏறிற்று.

எங்கள் மண்ணில் இப்படி எவரும் இருந்ததில்லையா? இருந்தனர். ஹட்டனை மையமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை மேடைதோறும் பாடியவர். அந்நாளில் மக்கள் வாயிலிருந்த மெட்டுகளில் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக்கிப் பாடினார். அவருடைய பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக 1940இல் வெளிவந்தன. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம் சுமத்தப்பட்ட காலம் அது. நடேசய்யர் புடைவை வியாபாரி போல உள்ளே சென்று நிலைமை அறிந்தார் என்பது அவர் வரலாற்றில் கூறப்படும் செய்தி. மனிதன் நுழைய முடியாத இடத்தில் பாட்டு நுழைந்தது. அடுத்த தலைமுறையில் சி.வி. வேலுப்பிள்ளை வந்தார். பூண்டுலோயா மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கிற்று. ஆங்கிலத்தில் கவிதை எழுதும் வல்லமை பெற்றிருந்த அவர், லயத்துப் பாட்டுகளைத் தேடித் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவ்வுழைப்பின் பயன். சிலியில் வியோலெத்தா பாரா செய்ததும் அதுவே.

பிறகு ஏன் அமந்தாவின் பாட்டு நோர்வூட் வரை வந்தது, மீனாட்சியம்மையின் பாட்டு டிக்கோயாவிலிருந்து நோர்வூட்டுக்குக்கூட வரவில்லை? மேதைமையைக் காரணம் காட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலியின் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பு 1968இல் தனக்கென ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிற்று; டீக்காப் என்பது அதன் பெயராக நிலைத்தது. வணிக நிறுவனங்கள் தீண்டாத பாட்டுகளை அது பதிந்து பரப்பியது. தொழிற்சங்க மண்டபங்களும் பல்கலைக்கழகங்களும் அரங்கமாயின. 1969இல் புதிய சிலிப் பாடல் விழா நடந்தபோது, உழவனை நோக்கிய ஹாராவின் வேண்டுதல் பாட்டு முதற் பரிசு பெற்றவற்றுள் ஒன்றாயிற்று. இராணுவம் அந்த இசைத்தட்டுகளை அழித்தபோது அவருடைய மனைவி ஜோன் ஒலிநாடாக்களை நாட்டுக்கு வெளியே கொண்டு சென்றார். குரல் கடல் கடக்க இத்தனை கைகள் வேண்டியிருந்தன. எங்களிடம் அச்சுக்கூடம் இருந்தது, சங்கமும் இருந்தது, ஆனால் குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணமும் வசதியும் ஒருங்கே அமையவில்லை. மீனாட்சியம்மையின் குரலை நான் கேட்டதில்லை. தாளில் உள்ள பாட்டை வகுப்பில் வாசிக்கும்போது மெட்டைக் கற்பனை செய்துகொள்கிறேன். நடேசய்யரின் பேச்சுக்கு முன்னர் மக்கள் கூடியது அந்தக் குரலைக் கேட்டல்லவா?

ஹாராவைப் பற்றிய இன்னொன்றையும் இங்கு சொல்ல வேண்டும். அவரைப் பெயரளவில் அறிந்த நம்மவருள் பலருக்கு அவருடைய மரணமே தெரியும். ஒரு பாட்டும் தெரியாது. 1973 செப்டெம்பர் 11இல் சல்வதோர் அலெண்டேயின் அரசு கவிழ்க்கப்பட்டது. ஹாரா அப்போது அரசு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மாணவரோடும் ஆசிரியரோடும் அங்கேயே தங்கினார். மறுநாள் அனைவரும் கைது செய்யப்பட்டு உள்ளரங்கு விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டனர். அவரை அடித்தனர், கைகளைச் சிதைத்தனர், 16ஆம் நாள் கொன்றனர். உடலில் நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுகள். அவருடைய கைகளை வெட்டி எறிந்தனர் என்றும், அவ்வாறே அவர் பாடினார் என்றும் நம் மேடைகளில் பேசுவோர் இருக்கின்றனர். சவச்சாலையில் உடலை அடையாளம் கண்ட ஜோன் எழுதியதில் அவ்வாறு இல்லை. நடந்த கொடுமை போதாதா? அதற்கு மேல் குருதி பூச வேண்டிய தேவை யாருக்கு வருகிறது? பாட்டைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்க்கு வருகிறது என்பது என் எண்ணம். தியாகி என்று மாலையிட்டுவிட்டால் பாடகரைக் கேட்கும் கடமை தீர்ந்துவிடுகிறது. முல்லோயா கோவிந்தனை 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டுக் கொன்றதை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், அக்காலத்து வேலைநிறுத்தங்களில் மக்கள் பாடியவற்றுள் எத்தனையைக் காத்து வைத்தோம்?

அவரைக் கொன்றோரின் விசாரணை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இழுபட்டது. முன்னாள் படையினர் எழுவரின் தண்டனையைச் சிலியின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2023 ஓகஸ்ட்டில். ஜோன் அவ்வாண்டு நவம்பரில் காலமானார். இதற்கிடையில், 2019 ஒக்டோபரில், விலைவாசிக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் எதிராகச் சாந்தியாகோ மக்கள் தெருவில் இறங்கியபோது, வியட்நாம் மக்களுக்காக 1971இல் ஹாரா பாடிய அமைதி வாழ்வின் உரிமைப் பாட்டை ஆயிரக்கணக்கானோர் கித்தார்களுடன் கூடிப் பாடினர். பாடியவருள் பலர் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் பிறந்தவர்கள். தம் தாயிடமோ பாட்டியிடமோ கேட்டிருப்பார்கள்.

"இந்தப் பாட்டால் சம்பளத்தில் ஒரு ரூபா ஏறுமா?" என்று எங்கள் பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஏறாது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை எத்தனை ஆண்டுகள் இழுபட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியே வந்தது என்பதை அறிந்த ஊரில் அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் அவ்வாசிரியர் தம் தாய் மலையில் பாடிய பாட்டுகளை அடுத்த அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டாக அவர் அவற்றை வாய்விட்டுச் சொன்னதில்லையாம்.

இப்போது ஹாராவுடன் எனக்குள்ள உறவு பெரும்பாலும் வேலையாக மாறிவிட்டது. சென்ற ஆண்டு பத்தாம் தர வகுப்பில் அமந்தாவின் கதையைத் தமிழில் சொல்லிப் பாட்டையும் ஒலிக்கச் செய்தேன். முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அவங்க எந்தத் தோட்டம், டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்கு அதைவிடச் சிறந்த விமரிசனம் கிடைத்ததில்லை. தோட்டமன்று, வெகு தொலைவிலுள்ள நாடு என்றேன். "அங்கயும் சங்கு ஊதுவாங்களா?" என்றாள்.

அவர்களையே பாட்டுத் திரட்ட அனுப்பினேன். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அடுத்த லயத்திலோ உள்ள முதியவரிடம் கேட்டு, எழுதி, கைப்பேசியில் குரலையும் பதிந்து வர வேண்டும். குரலைப் பதிய வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். இதுவரை 63 பாட்டுகள் சேர்ந்துள்ளன. தாலாட்டும் ஒப்பாரியும் மிகுதி. காமன் கூத்துப் பாட்டுகள் சில. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் ஏசும் பாட்டுகள் ஏழோ எட்டோ. ஒரு தாலாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துக் குளமொன்றின் பெயர் வருகிறது. பாடியவளோ, அவளுடைய தாயோ, அந்தக் குளத்தைக் கண்டதில்லை. மாணவர்கள் தொடக்கத்தில் கூச்சப்பட்டனர். சினிமாப் பாட்டைப் பாடச் சொன்னால் முந்துபவர்கள், அப்பாயியின் குரல் கைப்பேசியில் ஒலித்தபோது தலையைக் குனிந்துகொண்டனர். நாலைந்து பாட்டுக்குப் பின் அது மாறிற்று. யாருடைய அப்பாயிக்கு அதிகம் தெரியும் என்ற போட்டி வந்துவிட்டது.

மேட்டு லயத்தில் ஒரு முதியவள் இருக்கிறாள். எண்பதைக் கடந்தவள். அவளுக்குத் தெரிந்த ஒரு நீண்ட பாட்டைப் பற்றிப் பலரும் சொல்கின்றனர். பழைய கங்காணி ஒருவரைப் பற்றியது, மலையில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. என் மாணவி இரண்டு முறை போயும் கிழவி பாட மறுத்துவிட்டாள். கங்காணியின் பேரன் குடும்பம் இரண்டு காம்பிரா தள்ளித்தான் இருக்கிறது. நல்லவர்கள், காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கித் தருகிறவர்கள். அவர்கள் காதில் விழக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நகரத்துக்குச் சாமான் வாங்கப் போவார்கள் என்றும், அப்போது வந்தால் பார்க்கலாம் என்றும் இப்போது சொல்லியிருக்கிறாள். இந்த ஞாயிறு நானும் மாணவியுடன் போகிறேன்.